முகாம் பிள்ளைகளோடு ஓடத் தொடங்குவது எப்படி

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வளரும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு ஓட்டக் குழு ஆரம்பிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பக்கத்து ஊர்க்காரராக இருக்கலாம், பள்ளியில் பி.டி. ஆசிரியராக இருக்கலாம், முகாமிலேயே வளர்ந்து இப்போது வேலைக்குப் போகிற அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம். கடைசியில் சொன்ன ஆள் நீங்கள் என்றால் ரொம்ப நல்லது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முகாமில் ஏற்கெனவே கிரிக்கெட் இருக்கும், வாலிபால் நெட் ஒன்று கட்டியிருப்பார்கள், பிறகு எதற்கு ஓட்டம் என்று யாராவது கேட்பார்கள். அணி விளையாட்டில் நன்றாக ஆடுகிறவன் உள்ளே இருப்பான், ஆடத் தெரியாதவன் பந்து பொறுக்கிப் போடுவான், பெண் பிள்ளைகள் பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். ஓட்டத்தில் யாரையும் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். இது ஒரு காரணம். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு.

இந்தப் பிள்ளைகளைப் பற்றிய எல்லாவற்றையும் வேறு யாரோதான் எழுதி வைக்கிறார்கள். முகாம் பதிவேட்டில் பெயர், அதிகாரிகள் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க வரும் செக்கிங் நாளில் தலை எண்ணிக்கை, வெளியூர் போவதென்றால் அனுமதி. பிறந்தது தமிழ்நாட்டில், படிப்பது இங்குள்ள அரசுப் பள்ளியில். ஆனாலும் 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை என்று சட்டம் சொல்வதால், அப்பா அம்மா இருவரும் முகாம் பதிவில் இருக்கிற பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை, அரசு வேலையும் இல்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பெயின்டிங் வேலைக்குப் போகிற அண்ணன்களைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். "படிச்சு மட்டும் என்ன ஆகப் போகுது" என்ற பேச்சு ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. அப்படி ஒரு பையன் இன்றைக்கு ஒரு கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடி, இரண்டு மூன்று மாதம் கழித்து அதே தூரத்தை 5 நிமிடம் 40 நொடியில் முடித்தால், அந்த மாற்றம் முழுக்க முழுக்க அவன் செய்தது. எந்த அலுவலகத்திலும் வரிசையில் நின்று வாங்கியதில்லை, யாரும் ரத்து செய்யவும் முடியாது.

ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைத்தான் எழுதினார். என்னால் முடியும் என்ற நம்பிக்கை மனிதனுக்கு நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தை, தன் உடம்பும் மனசும் அப்போது இருக்கும் நிலை. இவற்றில் பலமானது முதலாவது. முகாமுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கூட்டி வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான், அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகள் எதையாவது தாங்களே செய்து முடிக்கக் கொடுங்கள்.

உலகத்தில் இதற்கு நல்ல சான்று கென்யாவின் காகுமா முகாம். 1992-இல் அமைந்தது, சூடான் போரிலிருந்து தப்பி வந்த சிறுவர்கள் நிறையப் பேர் அங்கேதான் வளர்ந்தார்கள். 1994-இல் நியூயார்க் மாரத்தானை வென்ற டெக்லா லொரூப் பிற்பாடு அந்த முகாமில் ஓட்டத் தேர்வு நடத்தி, தேறியவர்களை நைரோபிக்குப் பக்கத்தில் உள்ள இங்கோங்குக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக அகதிகள் அணி இறங்கியபோது அதில் இருந்த 10 பேரில் 5 பேர் இப்படி வந்த தெற்கு சூடான் ஓட்டக்காரர்கள். தொடக்க விழாவில் கொடி பிடித்து நடந்த ரோஸ் நாதிகே லொகொன்யென் அந்த ஐவரில் ஒருவர். ஐவரில் ஒருவர்கூட முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் 800 மீட்டரில் தன் ஹீட்டோடு வெளியேறிய யீச் புர் பியெல் 2022-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினராகவே ஆனார். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நீயும் ஒலிம்பிக் போவாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைக்கு அந்த வாக்குறுதியைக் கொடுப்பது அநியாயம்.

சரி, வேலைக்கு வருவோம்.

கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்

முகாம் தலைவரிடம் முதலில் பேசுங்கள், அவர் வழியாக முகாமுக்குப் பொறுப்பான ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) பேசுங்கள். வெளியாள் தினமும் வந்து போனால் போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சிலிருந்து விசாரிப்பார்கள், அது அவர்கள் வழக்கம். முன்கூட்டியே எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொண்டால், பின்னால் யாரோ கேட்டார்கள் என்று பெற்றோர் பயந்து பிள்ளைகளை நிறுத்துகிற நிலை வராது. பயம் எப்போதும் அவர்களுக்குத்தான், நமக்கு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது அம்மாக்கள். அவர்களிடம் பேசுவதற்குச் சரியான இடம் கூட்டம் போடுகிற ஹால் இல்லை, தண்ணீர்க் குழாயடி. "காலமை ஓடிப்போட்டுப் பள்ளிக்கூடத்தில நித்திரை கொள்ளுவாங்கள் தம்பி" என்பார்கள், நியாயமான கவலை. வாரம் மூன்று நாள்தான், ஐந்தரைக்கு ஆரம்பித்து ஆறரைக்குள் முடித்துவிடுவோம், பரீட்சை நேரத்தில் குறைத்துக்கொள்வோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆள் இல்லாத நாளில் ஓட்டமும் இல்லை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் நாளே டி-ஷர்ட், பேனர், போட்டோகிராபர் என்று போகிறவர்கள் தயவுசெய்து போகாமலேயே இருந்துவிடுங்கள். நிவாரணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கே ஓடுவது

பல முகாம்கள் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கின்றன. இருட்டோடு அந்த ரோட்டில் பிள்ளைகளை ஓட விடவே கூடாது. அரசுப் பள்ளி மைதானம், கண்மாய்க்கரை, முகாமுக்குள்ளேயே சுற்றி வரும் மண் பாதை, இவற்றில் எது கிடைக்கிறதோ அது போதும்.

தூரத்தை அளக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு சைக்கிள் எடுத்து, டயரில் காற்றடிக்கிற வால்வு பக்கத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுங்கள். கயிற்றைச் சக்கரத்தைச் சுற்றிப் பிடித்து ஒரு சுற்று எவ்வளவு என்று பாருங்கள், 26 அங்குலச் சக்கரம் என்றால் ஏறத்தாழ 2 மீட்டர் 7 சென்டிமீட்டர் வரும். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே துணி கீழே வரும் ஒவ்வொரு தடவையும் எண்ண வேண்டும். 193 சுற்று வந்தால் 400 மீட்டர். ஒருவன் தள்ள, ஒருத்தி சத்தமாக எண்ண, சின்னதுகள் பின்னாலேயே ஓடிவர, பாதி வழியில் எண்ணிக்கை தப்பி மறுபடி முதலிலிருந்து வர, அந்தக் காலைப் பொழுது முழுவதும் இதிலேயே போய்விடும். போகட்டும். முடிவில் அந்த இடத்தில் சுண்ணாம்பால் போட்ட கோடு அவர்கள் அளந்து போட்ட கோடு, அது அவர்கள் மைதானம்.

முதல் இரண்டு மாதம்

எல்லோரும் செய்கிற தப்பு முதல் நாளே மூச்சு முட்ட ஓட விடுவது. ஓடினவன் வாந்தி எடுப்பான், கடைசியில் வந்தவள் மறுநாள் வரமாட்டாள். ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டுத் தடவை. அவ்வளவுதான். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வந்தால், எட்டுப் பத்து வாரத்தில் பெரும்பாலானவர்கள் 20 நிமிடம் நிற்காமல் ஓடுவார்கள். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ரிலே, கோ-கோ, தொட்டுப் பிடிக்கிற விளையாட்டு, இவையே போதும்.

ஷூ இல்லை என்று யாரையும் நிறுத்தாதீர்கள். பள்ளிக்குப் போடுகிற கான்வாஸ் ஷூ போதும், சுத்தமான மண்ணில் வெறுங்காலோடும் ஓடலாம், ஆனால் முந்தின நாள் சாயங்காலமே கண்ணாடித் துண்டும் கருவேல முள்ளும் கிடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். யாராவது ஷூ வாங்கித் தர முன்வந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரட்டும், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

வெறும் வயிற்றோடு வருவார்கள். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ, முடிந்ததும் தண்ணீரும் சுண்டலும். இந்தச் செலவுக்குத்தான் நன்கொடை கேளுங்கள், கோப்பைக்கும் மெடலுக்கும் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மணிக்கே எல்லாவற்றையும் முடித்துவிடுவது நல்லது. தலை சுற்றுகிறது, குளிருகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே நிழலில் உட்கார வைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள், பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நோட்டுப் புத்தகம்

இந்த முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு. முன் அட்டையில் அவரவர் பெயர், அவரவர் கையெழுத்தில். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு கிலோமீட்டர் ஓடி நேரம் பார்ப்பது, பார்த்ததை அந்தப் பிள்ளையே நோட்டில் எழுதுவது. நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி, என்ன தோன்றியதோ அது: இடுப்பு வலிச்சது, நேத்து அப்பா குடிச்சிட்டு வந்தார் தூங்கல, இன்னைக்குக் காத்து நல்லா இருந்துச்சு. நீங்கள் எழுதித் தரக் கூடாது, திருத்தவும் கூடாது, கேட்காமல் படிக்கவும் கூடாது. முதல் இரண்டாவது என்று வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டவே கூடாது. போன தடவை அவன் எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு, அது மட்டும்தான் பேச்சு. நேரம் கூடிப்போயிருந்தால் அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் கூடினது மறுபடி குறையும் என்பதை அவன் தன் நோட்டிலேயே பார்க்கப் போகிறான்.

ஓட மாட்டேன் என்கிற பிள்ளையை விரட்டாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு பையன் பல நாள் குழாயடிச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான், கூப்பிட்டால் எழுந்து போய்விடுவான். ஸ்டாப்வாட்சை அவன் கையில் கொடுத்தோம், நீ நேரம் பார்த்துச் சொல்லு என்று. கொஞ்ச நாளில் எல்லோருடைய நேரமும் அவனுக்கு மனப்பாடம், "அக்கா போன தடவையை விட எட்டு செகண்ட் கம்மி" என்று கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவான். அப்புறம் ஒரு காலையில் வாட்சைப் பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்க் கோட்டில் நின்றான். இன்றைக்கு அவன் அம்மாவை முகாமில் "ஓடுற பெடியன்ர அம்மா" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தை எந்த வருஷம் படகில் வந்தவர்கள், எந்த லைன் வீடு என்றுதான் சொல்வார்கள்.

பயம், கோபம், தூக்கமின்மை

போரை நேரில் பார்த்தவர்கள் இப்போது பெரும்பாலும் பெரியவர்கள். ஆனால் அந்த வீடுகளில் வளர்கிற பிள்ளைகளிடமும் அதன் நிழல் இருக்கிறது. 2022-இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது படகேறி வந்து ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கடலில் கழிந்த இரவு இன்னும் நினைவில் இருக்கும். ஓட்டத்தைத் தொடங்கி வைக்க வெடியோ துப்பாக்கிச் சத்தமோ வேண்டாம், கை தட்டினால் போதும். நெஞ்சு படபடவென்று அடிப்பதும் மூச்சு வாங்குவதும் பயம் வரும்போது உடம்பு செய்கிற அதே வேலைதான், அதனால் சில பிள்ளைகள் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மிரண்டு நின்றுவிடுவார்கள். திட்டாதீர்கள், கூடவே நடங்கள், மூச்சு அடங்குகிறதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அடிக்கிற நெஞ்சு இரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும் என்று உடம்பு கற்றுக்கொண்டால், அது பள்ளியிலும் வீட்டிலும் உதவும்.

எப்படி வந்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்று நீங்களாகக் கேட்கவே வேண்டாம். சேர்ந்து ஓடும்போது முகம் பார்க்காமல் பேச முடியும், அதனால் பேச்சு தானாக வரும், வந்தால் கேளுங்கள், வெளியே சொல்லாதீர்கள். தூக்கமே இல்லை, சாகணும் போல இருக்கு என்பது மாதிரி ஒரு பேச்சு வந்தால் அது உங்களால் தீர்க்க முடிகிற விஷயம் இல்லை. வீட்டில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு வீட்டிலேயே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பெண் பிள்ளைகள்

எட்டாம் வகுப்பு வரை வருவார்கள், வயசுக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். இதைத் தடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அம்மாக்களையும் அதே நேரத்தில் மைதானத்துக்கு வர வைப்பதுதான். அவர்கள் நடக்கட்டும், மகள் ஓடட்டும். முழு டிராக் பேன்ட், தளர்வான டி-ஷர்ட், எதில் அவளுக்குக் கூச்சம் இல்லையோ அது. மாதவிடாய் நாளில் விருப்பம் இருந்தால் ஓடலாம், வலி இருந்தால் வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண் திடீரென்று சீக்கிரம் களைத்துப்போனால் சோம்பேறித்தனம் என்று நினைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தசோகை நம் ஊர் வளரிளம் பெண்களிடம் அவ்வளவு சகஜம். பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடுகிறார்களா என்றும் கேளுங்கள்.

வெளியே ஓடப் போவது

பள்ளி வழியாகப் போவதுதான் சுலபமான பாதை. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை மற்ற மாணவர்களைப் போலவே குறுவட்டப் போட்டியில் ஆரம்பித்து, ஜெயித்தால் மாவட்டம், மாநிலம் என்று போகலாம். பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு, பி.டி. சாரிடம் ஜூன் மாதமே போய் நோட்டில் உள்ள நேரங்களைக் காட்டுங்கள், நேரத்தைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும். மாநிலத்துக்கு மேலே என்ன ஆவணம் கேட்பார்கள், எங்கே தடை வரும் என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் மேஜைக்கு எதிரே நின்று தெரிந்துகொள்வதுதான் அவர்களை உடைக்கிறது.

நகரத்தில் நடக்கிற 5 கி.மீ., 10 கி.மீ. ஓட்டங்களுக்கும் கூட்டிப் போகலாம். வேறு மாவட்டம் என்றால் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், செக்கிங் நாளில் தேதி வைக்காதீர்கள். ஏற்பாட்டாளர்களிடம் முன்னாலேயே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும்: மைக்கில் "அகதி முகாமிலிருந்து வந்திருக்கும் குழந்தைகள்" என்று அறிவிக்கக் கூடாது, தனியாக மேடையேற்றிச் சால்வை போடக் கூடாது. அவர்கள் நல்ல மனசோடுதான் செய்வார்கள். ஆனால் ஆயிரம் பேரில் ஒருவராக, நெஞ்சில் ஒரு எண்ணைக் குத்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற ஐ.டி. கம்பெனிக்காரருக்கு என்ன ஏது என்று தெரியாமல், அவரை முந்திக்கொண்டு போவதற்காகத்தான் அந்தப் பிள்ளை அங்கே வந்திருக்கிறது. தான் எங்கிருந்து வருகிறோம் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை அவளுடையது. சிலர் பெருமையாகச் சொல்வார்கள், ஈழத்துக்காரர் என்று டி-ஷர்ட்டில் எழுதிக்கொண்டு ஓடவும் விரும்புவார்கள், அதுவும் சரிதான். பரிசுப் பணம் கிடைத்தால் அது ஓடினவருடையது, குழு நிதிக்கு என்று கை வைக்காதீர்கள்.

யாரிடம் விட்டுப் போவது

முகாமிலேயே வளர்ந்தவர் நடத்தினால் நல்லது என்று ஆரம்பத்தில் சொன்னதற்குக் காரணம், பந்தூரா சொன்ன இரண்டாவது வழி. அதே பத்துக்குப் பத்து வீட்டில் பிறந்து, அதே பள்ளியில் படித்து, காலையில் ஓடிவிட்டுப் பெயின்ட் வாளியோடு வேலைக்குப் போகிற அண்ணனைப் பார்க்கிற பிள்ளைக்கு, வெளியிலிருந்து பைக்கில் வந்து இறங்குகிற என்னைப் பார்ப்பதைவிட அவரைப் பார்ப்பதில் ஆயிரம் மடங்கு பலன். ஆறாவது மாதத்திலேயே பதினாறு பதினேழு வயதில் இரண்டு பேரை, ஒரு பையன் ஒரு பெண், பொறுப்பில் வையுங்கள். சாவி, விசில், வாட்ச், சுண்டல் கணக்கு எல்லாம் அவர்களிடம். வாரம் ஒரு நாள் நீங்கள் வேண்டுமென்றே போகாமல் இருங்கள். பிளஸ் டூ முடித்து வேலைக்குப் போனதும் இவர்கள் கழன்றுகொள்வார்கள், அதனால் அடுத்த இரண்டு பேர் எப்போதும் தயாராகிக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்டோபரில் மழை பிடித்தால் டிசம்பர் வரை மைதானம் சேறாகத்தான் இருக்கும். அப்போது நிறுத்திவிட்டால் பொங்கலுக்குப் பிறகு பாதிப் பேர் வரமாட்டார்கள். முகாம் சமுதாயக் கூடத்திலேயே கயிறு தாண்டுவது, நின்ற இடத்தில் ஓடுவது, படியேறுவது என்று அதே நாள் அதே நேரம் கூடிக்கொண்டே இருங்கள், நோட்டில் அன்றைக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.